திருச்சூருக்குப் போன பூனைக்குட்டி

கடிக்கிற பூனைக்குட்டியிடமிருந்து கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இழுத்தால் ஓடுகிற எலி என்று நினைத்து இன்னும் அழுத்திப் பிடிக்கும். கையை அப்படியே அசையாமல் வைத்திருந்தால், கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய் அதுவாகவே விட்டுவிடும். இதைப் பக்கத்து வீட்டு அக்கா எனக்குச் சொன்னார். நான் என் மகளுக்குச் சொன்னேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. நான் எது சொன்னாலும் அப்படியே கேட்கிற பிள்ளை. அப்படிக் கேட்டு நடந்ததால்தான் அந்தக் கடி அவ்வளவு ஆழமாக இறங்கியது என்று இன்று வரைக்கும் எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில், திண்டுக்கல்லில், வீட்டின் முன்னறையிலேயே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கூண்டு, அதற்குள் ஒரு போன், வெளியே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் நான். கணவருக்கு ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் வேலை. கேரளாவுக்குப் போகிற லாரிகளில் சரக்கு ஏற்றிவிடும் பொறுப்பு அவருடையது. விடியுமுன் முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

பூத்துக்கு எலித் தொல்லை. போன் ஒயரைக் கடித்துக் கடித்து வைக்கும். சின்னாளப்பட்டியிலிருந்து சுங்குடிச் சேலை கொண்டுவந்து விற்கும் ஒரு அம்மாவிடம் இதைச் சொல்லிப் புலம்பியிருந்தேன். அடுத்த தடவை வந்தபோது சேலைக் கூடையின் மேல்துணியை விலக்கி, ஒரு உள்ளங்கை அளவுக் குட்டியை எடுத்து என் மேசைமேல் வைத்தார். அவர் வீட்டுத் தறிக்குழிக்குள் பூனை போட்ட குட்டிகளில் ஒன்றாம். நூலை எல்லாம் இழுத்துச் சிக்கலாக்குகிறது, நீயாவது வைத்துக்கொள் என்றார். சாம்பல் நிறம், கழுத்தில் மட்டும் வெள்ளை. என் மகள் அதைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அதோடு முடிந்தது, அது எங்கள் வீட்டுப் பூனை.

பக்கத்து வீட்டு அக்கா பள்ளிக்கூட டீச்சர். ஆறேழு பூனை வளர்த்தவர். வந்து பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இம்புட்டுக் குட்டியப் போயி தாய்கிட்ட இருந்து பிரிச்சுட்டாகளே. கூடப் பெறந்ததுகளக் கடிச்சு, திருப்பிக் கடி வாங்கித்தான் அதுக்கு வலின்னா என்னன்னு தெரியும். இது தெரியாமயே வளரப்போவுது, பாத்துக்க."

அக்கா சொன்னது சரியாகவே இருந்தது. போதாக்குறைக்கு என் கணவர் வேறு. சாயங்காலம் மார்க்கெட்டிலிருந்து வந்து, குளித்து, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு உட்காருவார். "வா மாப்ள, வா" என்று கையைப் பாம்பு மாதிரி நெளிப்பார். குட்டி பின்புறத்தை ஆட்டி ஆட்டிக் குறி பார்த்துப் பாயும். கட்டிப்பிடித்துக் கடித்து, பின்னங்கால்களால் உதைத்துக் கிழிக்கும். அவர் சிரிப்பார். கை என்பது விளையாட்டுச் சாமான் என்று அதற்குப் பாடம் எடுத்தவர் அவர்தான். அவர் கையில் துண்டு இருந்தது. எங்கள் கைகளில் என்ன இருந்தது?

பூத்தில் உட்கார்ந்தால் மேசைக்கடியிலிருந்து கணுக்காலைக் கவ்வும். சேலைக் கரை அசைந்தால் போதும். ஒரு தடவை பம்பாயில் இருக்கிற மகனோடு பேசிக்கொண்டிருந்த பெரியவர் ஐயோ என்று அலறியதில், அங்கே அந்தப் பையன் என்னமோ ஏதோ என்று பதறி, பிறகு நான் வாங்கிப் பேசிச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. மகளின் கைகளில் எந்நேரமும் சிவப்புக் கோடுகள். துணிப்பந்தைக் கயிற்றில் கட்டி நாற்காலியில் தொங்கவிட்டேன். இரண்டு நாள் அதோடு விளையாடிவிட்டு மறுபடி கைக்கே வந்தது. மூக்கில் சுண்டினேன். அதையும் விளையாட்டென்று எடுத்துக்கொண்டது. கடிக்கும்போது முகத்தில் தண்ணீர் தெளித்துப் பார் என்று அக்கா சொன்னார்.

"பத்து நாளைக்கு ஒருக்கா தண்ணி வார ஊருல, பூனை மூஞ்சில தெளிக்கத் தண்ணியா அக்கா?" என்று கேட்டு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

அதன் பிறகுதான், அசையாமல் இருக்கும் வழியை அக்கா சொன்னார். அது கொஞ்சம் பலித்தது. மகள் நன்றாகப் பழகிக்கொண்டாள். கடித்தால் கையை அப்படியே வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, உதட்டுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள்.

இடையில் ஒரு நாள் நடந்தது ஒன்று. உச்சி வெயிலில் தெருவில் ஈ காக்காய் இல்லை. குட்டி பூத் படியில் படுத்திருந்தது. எங்கள் தெருவில் நான் பார்த்திராத ஒரு செம்பட்டை நாய், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நேராக வந்தது. குரைக்கவில்லை, நிற்கவில்லை. போகிற போக்கில் குட்டியை வாலோரத்தில் கவ்வி, ஒரு உதறு உதறிப் போட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் அதே நடையில் போய்விட்டது. குட்டிக்கு வால் அடியில் இரண்டு பல் தடம். மஞ்சள் அரைத்துப் பூசினேன். இரண்டு நாள் கட்டிலுக்கடியிலேயே கிடந்தது. பிறகு வெளியே வந்து பழையபடி விளையாடத் தொடங்கியது. நாங்கள் அந்த நாயை மறந்துவிட்டோம்.

ஒரு மாதம் போயிருக்கும். குட்டியின் கடி பலத்துக்கொண்டே போனது. வளர்கிறது, பல் பலக்கிறது, வேறென்ன என்றுதான் நினைத்தேன். சில நேரம் காரணமே இல்லாமல் சுவரைப் பார்த்து உறுமும். சில நேரம் வீடு முழுவதும் மூலைக்கு மூலை பறக்கும். எல்லாக் குட்டியும் செய்கிறதுதான். அப்படித்தானே?

அன்றைக்குத் தண்ணீர் முறை. காலையில் குழாய் சீறத் தொடங்கியதும் பூத்தைப் பூட்டிவிட்டேன். குடம், அண்டா, டிரம், கடைசியில் குழம்புச் சட்டி வரைக்கும் வாசலில் வரிசை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். மகள் உள்ளே குட்டியோடு இருந்தாள். அழுகைச் சத்தம் எதுவும் வரவில்லை. "அம்மா" என்று மெல்லிய குரலில் ஒரு தடவை கூப்பிட்டாள். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை. எட்டிப் பார்த்தேன்.

சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலது கையை முன்னால் நீட்டியிருந்தாள். கட்டை விரலுக்குக் கீழே சதையில் குட்டி பல்லைப் பதித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. காதுகள் பின்னால் ஒட்டியிருந்தன. பின்னங்கால்கள் அவள் முழங்கை வரைக்கும் கீறிக்கொண்டிருந்தன. பிள்ளையின் முகம் வெளுத்திருந்தது.

"நான் அசையலம்மா," என்றாள். "எம்பது வரைக்கும் எண்ணிட்டேன். அது விட மாட்டேங்குது."

விளக்குமாற்றால் அடித்தேன். அது சுவரில் மோதி, திரும்பவும் பாய்ந்து, அவள் கண்ணுக்குக் கீழே ஒரு கீறு கீறிவிட்டுக் கட்டிலுக்கடியில் ஓடியது. ரத்தம் கொட்டியது. வெளியே குடம் நிறைந்து வழிகிறதென்று யாரோ கத்தினார்கள். இன்னும் அரை மணி நேரத்தில் தண்ணீர் நின்றுவிடும். ஈரத் துண்டால் ஒரு தடவை துடைத்து, மஞ்சள்தூளை அப்பி, "இங்கயே உக்காரு, வாரேன்" என்று சொல்லிவிட்டு நான் குழாய்க்கு ஓடினேன். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் எல்லாப் பாத்திரமும் விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. என் பிள்ளையின் கையில் நான் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றவில்லை.

சாயங்காலம் கணவர் செருப்பைக் கழற்றும்போதே பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்கு அது இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

"வெளையாட்டுப் புள்ள மாதிரிடி அது. வளந்தா சரியாப் போயிரும்."

"கண்ணு போயிருந்தா? நீங்க குடுப்பீங்களா கண்ணு?"

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஒரு சாக்கைத் தேடி எடுத்தார்.

பூனையைக் கொண்டுபோய் விடுவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. கண்ணுக்கு வழி தெரியாமல் சாக்கில் போட்டுக் கட்ட வேண்டும். வாசலில் நின்று சாக்கை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும், அப்போதுதான் அதற்குத் திசை குழம்பும். இல்லாவிட்டால் எத்தனை மைல் தள்ளி விட்டாலும் திரும்பி வந்து வாசலில் நிற்கும். மறுநாள் கிளம்பும்போது அவர் மூன்று சுற்றுச் சுற்றினார். "இன்னும் நல்லாச் சுத்துங்க" என்றேன் நான். சாக்குக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மாலையில் திரும்பி வந்து, "விட்டாச்சு, இனிமே சென்மத்துக்கும் வராது" என்றார். எங்கே விட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை.

கடித்த நாலாம் நாள், தெருக்கோடியில் பால் கறந்து ஊற்றுகிற வீட்டுப் பசு செத்தது. இரண்டு நாளாக வாயில் நுரை தள்ளி, கட்டுத்தறியை முட்டிக் கத்திக்கொண்டே இருந்ததாம். தண்ணீர்த் தொட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனால் மிரண்டு கயிற்றை அறுத்ததாம். மாட்டு டாக்டர் வந்து வெறிநோய் என்று சொல்லிவிட்டார். அந்தப் பாலைக் குடித்த வீடுகளெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடின. அக்கா என் பூத்துக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நம்ம காய்ச்சித்தான் குடிச்சோம், பாலுக்குப் பயம் இல்ல. அந்த மாட்டக் கடிச்சது ஒரு செம்பட்ட நாயாம். ஒரு மாசத்துக்கு முந்தி, மத்தியான நேரத்துல. ஏத்தா, ஒங்க குட்டியக் கவ்வுன நாயி என்ன நெறம்?"

நான் பூத்தைப் பூட்டினேன். பள்ளிக்கூடத்திலிருந்து பாதியிலேயே மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயம் ஆறத் தொடங்கியிருந்தது. மஞ்சள் கறை மட்டும் விரலிடுக்கில் இருந்தது.

"கடிச்ச ஒடனே சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில நல்லாக் கழுவுனீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி, பூனை எங்க?"

"கொண்டுபோயி விட்டாச்சு சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, அதைய வச்சுத்தானம்மா மத்தது தெரியும்? கடிச்ச நாள்ல இருந்து பத்து நாள் அது உசுரோட நல்லா இருந்துச்சுன்னா, கொழந்தைக்கு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். ஊசிய நிப்பாட்டிரலாம். செத்துப் போச்சுன்னாலோ, கண்ணுலயே படலைன்னாலோ, பதினாலு ஊசியும் போட்டே ஆகணும். நோய் வந்துருச்சுன்னா அப்புறம் மருந்து கெடையாது."

ஊசியைத் தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள். மகளைப் படுக்கவைத்து, பாவாடையை இறக்கி, நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். "அசையாம இரு தங்கம்," என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தபோது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். 

அன்று மாலை கணவரைக் கேட்டேன். எங்கே விட்டீர்கள், மார்க்கெட்டிலா, போய்ப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்றேன். அவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மார்க்கெட்ல விட்டா பஸ் ரூட்டப் புடிச்சுத் திரும்பி வந்துரும்னு, திருச்சூர் லாரில முருங்கைக்காக் கட்டுக்கு நடுவுல எறக்கி விட்டுட்டேன்."

எல்லோரும் செய்கிற காரியத்தை இவர் எல்லோரையும் விட நன்றாகச் செய்திருந்தார். ஆற்றையும் மலையையும் தாண்டி இன்னொரு மாநிலத்துக்கே அனுப்பிவிட்டார். நானும்தான் இன்னும் நன்றாகச் சுற்றுங்கள் என்று சொன்னேன்.

மறுநாள் அவர் அந்த லாரி டிரைவரைத் தேடிப் பிடித்தார். திருச்சூர் மார்க்கெட்டில் ஒரு கடை முன்னால் தார்ப்பாயை அவிழ்க்கும்போது எதுவோ குதித்து ஓடியது, பூனையா பெருச்சாளியா என்று கவனிக்கவில்லை என்றார் டிரைவர். கணவர் அந்தக் கடையின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தார். பூத்தில் கூண்டுக்குள் நின்று நானே நம்பரைச் சுற்றினேன். கணவரும் அக்காவும் வெளியே நின்றார்கள்.

போன் போடுவதற்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் ஒரு முடிவு எடுத்திருந்தோம். வெறிநாய் கடித்த பூனை என்று சொன்னால், போனை வைத்த அடுத்த நிமிடமே தேடிப் பிடித்து அடித்துக் கொன்றுவிடுவார்கள். அப்புறம் அது தானாகச் சாகுமா பிழைக்குமா என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும். அதனால் உண்மையைச் சொல்லக் கூடாது.

கடைக்காரர் வயதானவர். குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. பாதி மலையாளம், பாதித் தமிழ். நான் ஒப்பித்தேன். என் மகளின் பூனைக்குட்டி தெரியாமல் லாரியில் ஏறிவிட்டது, சாம்பல் நிறம், கழுத்தில் வெள்ளை. பிள்ளை சாப்பிடாமல் அழுதுகொண்டே இருக்கிறாள். உங்கள் கடைப்பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், போதும்.

"பூச்சக்குட்டியா? நோக்கட்டும் அம்மா. நாள விளிக்கு," என்றார். பார்க்கிறேன், நாளை கூப்பிடு என்கிறார் என்று புரிந்தது.

மறுநாள் கூப்பிட்டேன். "உண்டு அம்மா, உண்டு! இவிடதான் உண்டு. வெங்காயச் சாக்கு மேல உறங்குது. குட்டிகிட்ட அழ வேண்டாம்னு சொல்லு." குட்டி என்று அவர் சொன்னது என் மகளை.

நான் கூண்டுக்குள் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதேன். வெளியே நின்ற கணவர் செத்துவிட்டது என்று நினைத்து முகம் மாறினார். தலையை ஆட்டி, இருக்கிறது, இருக்கிறது என்று சைகை காட்டினேன்.

அதிலிருந்து தினமும் மத்தியானம் அவருக்குப் போன். பால் குடித்ததா? குடித்தது. தண்ணீர்? அதுவும் குடித்தது. ஒரு நாள் அவரே சொன்னார், "என் கைய நல்லா கடிக்குது, கள்ளன்!" எனக்கு முதலில் சந்தோஷம். கடித்தால் அது எங்கள் குட்டியேதான். அடுத்த கணம் வேறொன்று தோன்றியது. அதற்கு நோய் இருந்தால்? அந்த நல்ல மனிதரின் கையில் நான் எதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்? "கை குடுக்காதீங்கய்யா, கை குடுக்காதீங்க" என்று கத்தினேன். அவர் சிரித்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பிள்ளை முக்கியமா, அவர் முக்கியமா என்று மனசு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நான் அப்படிப்பட்டவள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டில் நான் மகளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாடு தண்ணீரைக் கண்டு மிரண்டது என்று கேட்டதிலிருந்து, மணிக்கு ஒரு தரம் டம்ளரில் தண்ணீர் மொண்டு நீட்டுவேன். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும். "நீ பாக்குற பார்வைல எனக்கே தண்ணி எறங்க மாட்டேங்குதுடி," என்பார் கணவர். வயிற்றில் ஊசி போட்ட இடமெல்லாம் கட்டிகட்டியாக வீங்கியிருந்தது. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று சுடும். ஊசியால் காய்ச்சலா, இல்லை அதுவேதானா?

கடித்த ஒன்பதாம் நாள் காலையில் டம்ளரை நீட்டினேன். அவள் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"குடி பாப்பா."

"வேண்டாம்."

உதட்டில் வைத்தேன். டம்ளரைத் தட்டிவிட்டுச் சுவரோரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். உடம்பு நடுங்கியது. தண்ணீர் தரையில் ஓடி என் கால் வரைக்கும் வந்தது. டம்ளர் உருண்ட சத்தம் அக்கா வீடு வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். அவரே ஓடி வந்தார். என்னை அடுப்பங்கரைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, மகளின் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கதை பேசினார். செத்த நேரம் கழித்துக் கதவிடுக்கில் பார்த்தேன். அவள் ஒரு சொம்பைத் தூக்கி மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா பாத்தா பயமா இருக்கு அத்தே," என்றாள் அக்காவிடம். "தண்ணி குடிக்கறப்ப அம்மா செத்துப்போறவங்களப் பாக்குற மாதிரி பாக்குறாங்க."

பத்தாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. நான் குடத்தைக்கூட எடுக்கவில்லை. பூத்தைத் திறந்து திருச்சூருக்குப் போட்டேன். "நல்லா இருக்கு அம்மா," என்றார் அவர். "ஓடிச் சாடி களிக்குது. குட்டிகிட்ட சொல்லு, நல்லா இருக்கு." ஓடிக் குதித்து விளையாடுகிறதாம்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "நிச்சயமா அதே பூனைதானா? பாத்தது யாரு?" என்று கேட்டார். அங்கே இருக்கிறவர் பார்த்துத் தினமும் சொல்கிறார் என்றேன். அவர் ஊசிச் சீட்டை எடுத்துப் பார்த்தார். "கண்ணால பாக்காம நான் எப்படிச் சொல்றது? மிச்சத்தையும் போட்டுக்கறது நல்லதுதான். நீங்க உறுதியா இருந்தீங்கன்னா நிப்பாட்டிக்கலாம்." ஏழு ஊசி ஆகியிருந்தது. இன்னும் ஏழு. வாசலில் கணவரின் தோளில் மகள், ஊசி போடும் அறையின் கதவு திறக்கும்போதெல்லாம் வீறிட்டாள். கணவர் என்னைப் பார்த்தார். "நீ சொல்றதுதான்," என்றார்.

போதும் என்று நான் சொன்னேன். வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு வருடம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு பூனை வளர்க்கவில்லை. பசுவைப் பற்றித் தெருவே மறந்துபோனது. செல்போன் வந்தது, பூத்தில் கூண்டை எடுத்துவிட்டு ஜெராக்ஸ் மெஷின் வைத்தோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு வந்துவிட்டாள். வலது கையில் கட்டை விரலுக்குக் கீழே இரண்டு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான் மிச்சம்.

அந்த வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு வந்த கேரளாக்காரர்களில் அந்தக் கடைக்காரரும் ஒருவர். மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசி, திரும்புகிற வழியில் ஒட்டன்சத்திரம் மண்டிக்கு வந்திருக்கிறார். கணவர் விடுவாரா? கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். போனில் கேட்ட அதே சிரிப்பு. நான் காலில் விழுந்து கும்பிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இந்தக் குட்டிதானே பூச்சைக்கு வேண்டி அழுதது?" என்று அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆமாய்யா. நீங்க அதை எம்புட்டு நாள் வச்சிருந்தீங்க? பெருசாச்சா?" என்று கேட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். குறும்பு செய்து மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு முகம். "ஏது பூச்சை அம்மா? ஒரு பூச்சையும் வரலை. ரெண்டு நாள் தேடி நோக்கினேன், இல்ல. கொச்சுக் குழந்தை சாப்பிடாம அழுதுன்னு சொன்னீங்கல்ல, எப்படி இல்லைன்னு சொல்றது? அதனால ஒரு பொய் சொன்னேன். எங்க வீட்டுப் பூச்சை என்ன செய்யுமோ அதையே பாத்துப் பாத்துச் சொன்னேன்."

சொல்லிவிட்டு உரக்கச் சிரித்தார். கணவரும் ஏதோ பழக்கத்தில் கூடச் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் சொன்ன பொய்க்கு அவர் சொன்ன பொய். அவர் இரக்கத்தில் சொன்னார், நான் எதில் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். போடாமல் விட்ட ஏழு ஊசியும் என் கண்முன்னால் நின்றன. மகள் என் பக்கத்தில் வந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசிக் கதை முழுவதும் அவளுக்குத் தெரியும்.

அவரை பஸ் ஏற்றிவிட்டதும் நான் நேராக டாக்டரைப் பார்க்கப் போனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டிலேயே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடம் ஆகிவிட்டது, இனிப் பயப்பட எதுவும் இல்லை, அந்தப் பூனைக்கு நோயே இருந்திருக்காது, வெறும் விளையாட்டுக் கடியாகத்தான் இருக்கும் என்றார். "அப்ப இனிமே வரவே வராதுல்ல சார்?" என்று கேட்டேன். "வருசக்கணக்கு கழிச்சு வந்தது எங்கயோ ஒண்ணு ரெண்டு இருக்கும்மா, அதையெல்லாம் நெனச்சுக்கிட்டு இருக்கலாமா? போயி நிம்மதியா இருங்க," என்றார். வராது என்கிற அந்த ஒரு சொல்லை அவர் சொல்லவில்லை. மேற்கொண்டு ஓர் ஊசித் தொடர் போட்டுவிட்டார், இப்போது அது கையில் போடுகிற ஊசி. மகள் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டாள். அது அன்றைக்குத் தப்பிய எதையாவது போய்ப் பிடிக்குமா என்று அவரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறு வருடம் கோயம்புத்தூரில் கல்லூரி கிடைத்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். இப்போது நான் எதிரில் நின்று டம்ளர் நீட்ட முடியாது. தினமும் மத்தியானம், பழைய பூத் மேசையில் உட்கார்ந்து போன் போடுகிறேன். சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு அடுத்ததைக் கேட்பேன்.

"தண்ணி குடிச்சியா பாப்பா?"

"குடிச்சேம்மா."

"தலைவலி, காய்ச்சல் ஏதும்?"

"ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கேன்."

ஒரு நாள்கூட வேறு பதில் வந்ததில்லை. எரிச்சல் படாமல், சிரித்த குரலில் சொல்வாள். சின்னப் பிள்ளைக்குச் சமாதானம் சொல்கிற குரல் அது. அதே குரலில், அதே நேரத்தில், பத்தாம் நாள் வரைக்கும் எனக்கு ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.